ஜெஃபர்சன் நினைவகம்: சுவரில் பாதி வாக்கியம், மீதி எங்கே?

#1 · கரையோரத்தான்

வணக்கம் மக்களே. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு போன வாரம் வாஷிங்டன் போயிருந்தேன். லிங்கன் நினைவகம், வாஷிங்டன் தூண் எல்லாம் முடித்து, டைடல் பேசின் என்ற நீர்த்தேக்கத்தின் கரையோரமாக நடந்து, அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் நினைவகத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீரில் அந்த வெள்ளைக் குவிமாடத்தின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அழகுதான், மறுக்கவில்லை.

அம்மா மூச்சு வாங்கப் படியேறி உள்ளே வந்து, 19 அடி வெண்கலச் சிலையை அண்ணாந்து பார்த்தார். "இத்தாம்பெரிய மண்டபத்துல இந்த மனுஷன் ஒத்தையா நிக்கிறாரே, கூட ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. அவள் சுவரில் இருந்த எழுத்துகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்சுவரில் நான்கு பெரிய பலகைகள், நான்கிலும் ஜெஃபர்சனின் வார்த்தைகள். மூன்றாவது பலகை அடிமைமுறையைப் பற்றிப் பேசுகிறது. அதில் ஒரு வரி, என் தமிழில் சொன்னால்: "இந்த மக்கள் விடுதலை பெற்றே தீருவார்கள் என்பதைவிட உறுதியாக விதியின் ஏட்டில் எழுதப்பட்டது வேறெதுவும் இல்லை." படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு மனிதரா என்று.

வீட்டுக்கு வந்ததும் மகள் கணினியில் எதையோ தேடி எடுத்து நீட்டினாள். அந்த வரி, அவர் 1821-இல், 77 வயதில் எழுதத் தொடங்கிய தன் வரலாற்றிலிருந்து எடுத்தது. அங்கே அதற்கு அடுத்த வாக்கியம் இப்படிப் போகிறது: இரண்டு இனங்களும் ஒரே அளவு சுதந்திரத்தோடு ஒரே அரசின் கீழ் வாழ முடியாது என்பதும் அதே அளவுக்கு உறுதி. அதற்கும் அடுத்தது: இயற்கையும் பழக்கமும் கருத்தும் இவர்களுக்கு நடுவே அழிக்க முடியாத கோடுகளைப் போட்டுவிட்டன.

அதாவது, "விடுதலை கொடுக்கலாம், ஆனால் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, வேறெங்காவது அனுப்பிவிட வேண்டும்" என்பதுதான் அவர் சொல்ல வந்தது. சுவரில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. "அப்பா, நான் கட்டுரையில இப்படி வெட்டி ஒட்டினா டீச்சர் மார்க் குறைப்பாங்க" என்கிறாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சிலை இருக்கலாமா, கூடாதா என்று கேட்கவில்லை. இந்தச் சுவரை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.


#2 · வெட்டிப்பேச்சு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சலவைக்கல்லில் மறைத்து இப்போதுதான் பார்க்கிறேன்.


#3 · கல்தச்சன்

கொஞ்சம் பொறுங்கள். கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் அந்த மண்டபத்துக்காக நான் வாதாடியாக வேண்டும்.

ஜெஃபர்சன் அரசியல்வாதி மட்டுமல்ல, தானே கட்டடம் வரைந்தவர். தன் வீடான மான்டிசெல்லோவையும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரோட்டுண்டா என்ற வட்ட மண்டபத்தையும் வரைந்தது அவர்தான். இரண்டும் சேர்ந்து 1987-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. ரோமாபுரியின் பாந்தியன் கோயில் மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். அதனால்தான் கட்டடக்கலைஞர் ஜான் ரஸ்ஸல் போப் இந்த நினைவகத்தையும் அதே வட்ட வடிவில், குவிமாடத்தோடு, தலையில் சுருள் வைத்த அயோனிக் தூண்களோடு வரைந்தார். அதாவது அவருக்குப் பிடித்த வீட்டிலேயே அவரை நிறுத்தி வைத்தார்.

கல்லைப் பாருங்கள். வெளிச்சுவர் வெர்மான்ட் சலவைக்கல், உள்சுவர் ஜார்ஜியா சலவைக்கல், தரை டென்னஸி இளஞ்சிவப்புக் கல், குவிமாடத்தின் உட்புறம் இண்டியானா சுண்ணாம்புக்கல், சிலையின் பீடம் மிசௌரியின் சாம்பல் கல். ஒரு நாட்டின் நிலவரைபடத்தையே கல்லில் அடுக்கியிருக்கிறார்கள். வரைந்த போப் 1937-இல் இறந்துவிட்டார், அடிக்கல்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கூட்டாளிகள் எகர்ஸும் ஹிக்கின்ஸும் கட்டி முடித்தார்கள்.

இன்னொன்று. 1943 ஏப்ரல் 13, ஜெஃபர்சனின் 200-வது பிறந்தநாளில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்தபோது உள்ளே இருந்தது வெண்கலச் சிலையே இல்லை. போர்க்காலம், உலோகத் தட்டுப்பாடு. பிளாஸ்டர் சிலைக்கு வெண்கல நிறம் பூசி நிறுத்தியிருந்தார்கள். உண்மையான சிலை வந்தது 1947-இல். நான்கு வருஷம் எல்லாரும் வணங்கியது பூச்சு வேலையைத்தான்.

அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு சுவரைப் படியுங்கள். ஹிட்லரோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, போரிடும் நாட்டுக்குத் தெம்பு கொடுக்க எழுதிய சுவர் அது. பாடப்புத்தகத்தில் எதிர்பார்க்கிற நேர்மையைக் கோயில் சுவரில் எதிர்பார்க்க முடியுமா?


#4 · நூலகப்பூனை

கல்தச்சன், கல்லைப் பற்றிச் சொன்னதெல்லாம் அருமை. ஆனால் "தெம்பு கொடுக்க எழுதிய சுவர்" என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்தத் தெம்பை எப்படித் தைத்தார்கள் என்று பார்க்கலாம். நான் இந்த நான்கு பலகைகளோடு ஒரு முழு விடுமுறையைக் கழித்தவள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பலகையைப் படித்தால் ஒரே மூச்சில் சொன்ன பேச்சு மாதிரி இருக்கும். அப்படி ஒரு பேச்சே கிடையாது. "உயிரைத் தந்த கடவுளே சுதந்திரத்தையும் தந்தார்" என்பது 1774-இல் பிரிட்டிஷ் அரசருக்கு எதிராக எழுதிய சிறுநூலிலிருந்து. "கடவுள் நீதியுள்ளவர் என்று நினைக்கும்போது என் நாட்டுக்காக நடுங்குகிறேன்" என்பது 1780-களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய குறிப்புகளிலிருந்து. அடுத்து ஆண்டானுக்கும் அடிமைக்கும் நடுவிலான உறவு கொடுங்கோன்மை என்கிற வரி. அதே நூலில் நீளமாகச் சொன்னதைச் சுருக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் கரையோரத்தான் சொன்ன 1821 வரி. உடனே ஒரு தாவல்: சாதாரண மக்களுக்குக் கல்வி தரச் சட்டம் போடுங்கள் என்று 1786-இல் தனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஜார்ஜ் வித்துக்கு எழுதிய கடிதம். கடைசி வரி அதே வருஷம் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய இன்னொரு கடிதம்.

1774-லிருந்து 1821 வரை 47 வருஷம். 31 வயது இளைஞரும் 77 வயதுக் கிழவரும் ஒரே பத்தியில் மாறி மாறிப் பேசுகிறார்கள். எது எங்கிருந்து வந்தது என்று சுவரில் ஒரு குறிப்பும் கிடையாது. கடைசியில் கேட்கிறவருக்கு என்ன தோன்றும்? "அடிமைமுறை தவறு, இவர்கள் விடுதலை பெறுவார்கள், இவர்களுக்குக் கல்வி கொடுங்கள்" என்று ஒரு மனிதர் கோவையாகச் சொன்ன மாதிரி இருக்கும். வித்துக்கு எழுதிய கடிதத்துக்கும் அடிமைகளுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டியதால் சம்பந்தம் வந்துவிட்டது.

இதைவிட என்னை உறுத்துவது முதல் பலகை. சுதந்திரப் பிரகடனம், அதாவது பிரிட்டனைவிட்டுப் பிரிகிறோம் என்று 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் அறிவித்த ஆவணம், ஜெஃபர்சன் எழுதியது. "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று தொடங்கி, உரிமைகளைக் காக்கத்தான் அரசுகள் அமைகின்றன என்பது வரை வருகிறது. பிறகு ஒரு தாண்டல். எதைத் தாண்டினார்கள் தெரியுமா? ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம் வருகிறது, அரசு கெட்டுப்போனால் அதை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற பகுதியை! அந்த ஆவணத்தின் உயிர்நாடியே அதுதான். அரசாங்கம் தன் செலவில் கட்டிய சுவரில் "அரசாங்கத்தை ஒழிக்கலாம்" என்று எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது.

இடமில்லை என்று சமாதானம் சொல்வார்கள். இடமில்லாதபோது எதை வெட்டுகிறோம் என்பதில்தானே சாயம் வெளுக்கிறது?


#5 · வெட்டிப்பேச்சு

அந்தப் பலகையில் எழுத்துப் பிழையும் இருக்கிறதாமே? பிரகடனத்தில் "அன்ஏலியனபிள்" (பறிக்க முடியாத) உரிமைகள் என்று இருப்பதைச் சுவரில் "இன்ஏலியனபிள்" என்று செதுக்கிவிட்டார்களாம்.


#6 · நூலகப்பூனை

அதை மட்டும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஜெஃபர்சன் கைப்பட எழுதிய வரைவில் "இன்" தான் இருக்கிறது. அச்சான பிரதியில் "அன்" ஆகிவிட்டது. சுவர் தெரிந்தோ தெரியாமலோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மறந்துபோய் நேர்மையாக இருந்த ஒரே இடம்.


#7 · அடங்காதவன்

எல்லாரும் எழுத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நேராகப் பேசுவோம். அந்த மனிதர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். உயிரோடு இருக்கும்போது விடுதலை செய்தது இரண்டு பேரை. உயிலில் ஐந்து பேரை. 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் 50-வது ஆண்டு நாளில் அவர் இறந்ததைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில் கடனை அடைக்க மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நியூயார்க் நகர மன்றக் கூடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற அவருடைய சிலையை 2021-இல் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஜெஃபர்சனின் நேர் வாரிசு ஒருவரே 2020-இல், வாஷிங்டன் நினைவகத்தில் இருக்கும் சிலையை எடுத்துவிட்டு அங்கே, அடிமைத்தளையிலிருந்து தப்பி மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மனை வையுங்கள் என்று எழுதினார். பேரனுக்குப் பேரனே சொல்லும்போது நாம் யார் குறுக்கே நிற்க?


#8 · பழைய வாத்தியார்

தம்பி அடங்காதவன், கோபம் நியாயம்தான். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு மனிதரை 21-ஆம் நூற்றாண்டுக் கோலால் அளந்தால் தேறுகிறவர் யார்?

சில விஷயங்களையும் கணக்கில் எடுங்கள். பிரகடனத்தின் மூல வரைவில் அடிமை வணிகத்துக்காக பிரிட்டிஷ் அரசர் ஜார்ஜைக் கடுமையாகச் சாடி ஒரு பத்தியே எழுதியிருந்தார். அதை வெட்டியது அமெரிக்கப் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ், அவர் அல்ல. குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1807-இல், வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1808 ஜனவரி 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. மத சுதந்திரத்துக்கான வர்ஜீனியாச் சட்டம் அவர் எழுதியது. தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று அவரே குறித்துவைத்தார்: பிரகடனத்தை எழுதியவர், மத சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. இரண்டு முறை குடியரசுத் தலைவராக இருந்ததைச் சேர்க்கவே இல்லை. பதவியைத் துச்சமாக நினைத்த மனிதர் ஐயா அவர்.

காலத்தின் பிள்ளை அவர். அந்தக் காலத்தில் வர்ஜீனியாவில் நிலம் வைத்திருந்தவர் எல்லாரும் அப்படித்தான்.


#9 · நூலகப்பூனை

வாத்தியார் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். "எல்லாரும் அப்படித்தான்" என்பது சரியில்லை.

அதே வர்ஜீனியாவில், அதே தலைமுறையில், ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார் 1791-இல் ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்கும் பத்திரம். ஜார்ஜ் வாஷிங்டன் தன் பெயரில் இருந்த 123 பேரை விடுவிக்கும்படி உயில் எழுதினார். போலந்துத் தளபதி கோஸ்சியுஷ்கோ, தன் அமெரிக்கச் சொத்தை வைத்து அடிமைகளை வாங்கி விடுவித்துப் படிக்க வையுங்கள் என்று உயில் எழுதி, நிறைவேற்றும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? ஜெஃபர்சனிடம். ஜெஃபர்சனின் அடிமைகளையே அந்தப் பணத்தில் விடுவிக்கலாம் என்று அதில் இடம் இருந்தது. அவர் வயதைக் காரணம் சொல்லி அந்தப் பொறுப்பை ஏற்காமல் விட்டுவிட்டார்.

காலத்தின் பிள்ளை என்றால் கார்ட்டரும் அதே காலத்தின் பிள்ளைதான். இன்னொன்றையும் யோசியுங்கள். 600 பேரும் அதே காலத்தில் வாழ்ந்தவர்கள்தானே? அடிமைமுறை தவறு என்று அவர்களுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரியாமலா இருந்திருக்கும்? "அந்தக் காலத்தில் எல்லாரும்" என்று சொல்லும்போது அந்த எல்லாரில் அவர்களை நாம் சேர்ப்பதே இல்லை.


#10 · பழைய வாத்தியார்

அம்மா, அந்தக் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. யோசிக்கிறேன்.


#11 · தரக்கட்டுப்பாடு

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜெஃபர்சன் நினைவகம் என்றதும் எனக்கு ஆபீஸ் பயிற்சி வகுப்புதான் ஞாபகம் வருகிறது. "ஐந்து ஏன்" என்று ஒரு பாடம் எடுப்பார்கள். கல் ஏன் அரிக்கிறது? அடிக்கடி கழுவுவதால். ஏன் கழுவுகிறார்கள்? பறவை எச்சம். ஏன் பறவை வருகிறது? சிலந்தி தின்ன. ஏன் சிலந்தி? பூச்சி தின்ன. ஏன் பூச்சி? மாலையில் விளக்கை மற்ற இடங்களைவிட முன்னாலேயே போடுகிறார்கள். அதனால் விளக்கைத் தாமதமாகப் போட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது, சுபம்.


#12 · கல்தச்சன்

அந்தக் கதையிலும் வெட்டி ஒட்டல்தான், சார். பூச்சியியல் பேராசிரியர் மெஸ்ஸர்ஸ்மித் விளக்கையும் பூச்சியையும் ஆராய்ந்து எழுதிய அந்த அறிக்கையின் தலைப்பிலேயே இருப்பது லிங்கன் நினைவகம்தான். பயிற்சி வகுப்புகளில் வாய்மாறி வாய்மாறி ஜெஃபர்சன் தலையில் கட்டிவிட்டார்கள். முடிவும் சுபமில்லை. மாலை வெளிச்சத்தில் படம் எடுக்க வருகிறவர்கள் விளக்கு வேண்டும் என்று குறைபட்டதும் திரும்பப் பழைய நேரத்துக்கே போட்டுவிட்டார்கள்.

ஜெஃபர்சன் குவிமாடத்துக்கு வந்த உண்மையான வியாதி வேறு. 2006 வாக்கில் வெள்ளைக் கல்லில் கருப்பு படர ஆரம்பித்தது. அழுக்கு அல்ல, நுண்ணுயிர்ப் படலம். மருந்து போட்டால் கல்லும் சேர்ந்து கெடும் என்ற பயம். கடைசியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அங்குலம் அங்குலமாக எரித்துச் சுத்தம் செய்து 2021-இல் முடித்தார்கள். என் தோழர்களிடம் அடிக்கடி சொல்வேன், வெள்ளைக் கல்லில் கட்டுகிறவன் காலத்துக்கும் சலவைக்காரன் என்று.


#13 · வெட்டிப்பேச்சு

வெளியே கருப்பை லேசரால் அழித்தார்கள். உள்ளே உளியால். சரி சரி, போகிறேன்.


#14 · கோடைவிடுமுறை

ஒரு சின்ன சந்தேகம், தலைப்புக்கு வெளியே என்றால் மன்னிக்கவும். மார்ச் கடைசியில் மாமனார் மாமியாரோடு போகிறோம். செர்ரிப்பூ பார்க்க முடியுமா? டிக்கெட் எவ்வளவு?


#15 · கரையோரத்தான்

டிக்கெட்டே கிடையாது, இலவசம். ராத்திரியிலும் உள்ளே போகலாம். பூ எப்போது மலரும் என்பது அந்தந்த வருஷத்துக் குளிரைப் பொறுத்தது, ஒரு வாரம் முன்பின் ஆகும். ஒன்று மட்டும்: கரைச்சுவர் தாழ்ந்துகொண்டே வந்து, சில இடங்களில் 5 அடி வரை இறங்கியிருந்தது. ஓதம் ஏறும்போது நடைபாதை தினமும் இரண்டு முறை தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய 2024-இல் பெரிய வேலையைத் தொடங்கி 150-க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. போவதற்கு முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நல்ல செருப்பு முக்கியம்.


#16 · செம்பருத்தி

மரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்த நினைவகத்துக்கு அன்று வந்த எதிர்ப்புகளில் ஒன்று மரத்துக்காக வந்தது, அடிமைகளுக்காக அல்ல! 1912-இல் டோக்கியோ நகரம் 3,020 செர்ரி மரங்களைப் பரிசாக அனுப்பியது. 1938-இல் நினைவகம் கட்ட அதில் சிலவற்றை அகற்றப் போகிறார்கள் என்றதும் வாஷிங்டன் நகரத்துப் பெண்கள் கிளம்பி வந்து மரங்களோடு தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். "அப்படியானால் மரத்தையும் அம்மணிகளையும் சேர்த்து வேரோடு தூக்கி வேறு இடத்தில் நடுவோம்" என்கிற ரீதியில் ரூஸ்வெல்ட் கேலி பேசினார். இன்னும் நிறைய மரம் நடுகிறோம் என்ற உறுதியோடு அது அடங்கியது. அதே வருஷம் டிசம்பரில் வேலை தொடங்கிவிட்டது.

அந்தச் சங்கிலி எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 600 பேரை வைத்திருந்தவருக்கு மண்டபம் எழும்புகிறது, ஊரில் யாரோ சங்கிலி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மரத்துக்காக.

விஷயத்துக்கு வருகிறேன். கரையோரத்தான், உங்கள் கேள்விக்குப் பதில் மான்டிசெல்லோவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். போன வருஷம் போயிருந்தேன். வாஷிங்டனிலிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். அங்கே அவர் வீட்டையும் புத்தகத்தையும் காட்டுகிறார்கள், அதே மூச்சில் மல்பெரி ரோ என்ற பாதையில் அடிமைப்பட்டவர்கள் வேலை செய்த இடங்களையும் காட்டுகிறார்கள். அங்கே அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் பெயரைச் சொல்லித் தனிக் காட்சியறை 2018-இல் திறந்தார்கள். அவருடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று, 1998-இல் வந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு, மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளையே ஆராய்ந்து அறிவித்தது. அந்த அறையில் சாலியின் உருவப்படம் கிடையாது, ஏனென்றால் யாரும் வரைந்து வைக்கவில்லை. சுவரில் ஒரு நிழல் விழுகிறது, அவ்வளவுதான். நான் அங்கே நின்ற நேரம் ஜெஃபர்சனின் நூலகத்தில் நின்றதைவிட அதிகம்.

ஒரே மனிதர். ஒரு இடத்தில் ஒத்தையாக நிற்கிறார், இன்னொரு இடத்தில் ஊரே சூழ நிற்கிறார். உங்கள் அம்மா கேட்டது சும்மா கேள்வி இல்லை.


#17 · கல்தச்சன்

கூட யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. முகப்பு முக்கோணத்தில் பிரகடனத்தை வரைய அமைத்த குழுவின் ஐந்து பேரும் இருக்கிறார்கள்: ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஷெர்மன், லிவிங்ஸ்டன், நடுவில் ஜெஃபர்சன். சிற்பி வைன்மன் செதுக்கியது.

(அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)


#18 · கிண்டிக்காரன்

செம்பருத்தி அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் பக்கத்து காந்தி மண்டபம் ஞாபகம் வந்தது. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கை அங்கே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது காந்தி மண்டபத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒன்றும் நினைவில்லை. அந்தச் செக்கு மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்தான் என்று வாத்தியார் ஒரே வரி சொன்னார், வகுப்பே கப்சிப். எழுத்தை வெட்டலாம், ஒட்டலாம். செக்கை என்ன செய்ய முடியும்?

நம்மூர் மற்ற சிலைகளுக்கு வழக்கம்போலப் பிறந்தநாளன்று மாலை, மிச்ச நாளெல்லாம் காக்கை.


#19 · நெறியாளர்

நம்மூர் சிலைகள் என்றதும் கிளம்பிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தத் தலைவருக்கு எந்த ஊரில் சிலை அதிகம் என்ற சண்டைக்கு வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன. இங்கே ஜெஃபர்சன் மட்டும்.


#20 · அடங்காதவன்

ஒன்று மட்டும் கேட்கிறேன். மான்டிசெல்லோ வீடு, அங்கே கதை சொல்ல இடம் உண்டு, ஆள் உண்டு. தலைநகர நினைவகம் அப்படியா? அந்த வடிவமே "வணங்கு" என்று சொல்கிறது. பாந்தியன் தெய்வங்களுக்குக் கட்டிய கோயில். அதற்குள் நிறுத்திவிட்டு ஓரமாக ஒரு விளக்கப் பலகை வைத்தால் யார் படிப்பார்கள்? அறநிலையத்துறை அறிவிப்புப் பலகையைக் கோயிலில் யாராவது நின்று படிக்கிறார்களா?


#21 · பழைய வாத்தியார்

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன்.

பூனையம்மா சொன்ன கார்ட்டரைப் பற்றித் தேடிப் படித்தேன். 35 வருஷம் சரித்திரம் நடத்தியவன், அந்தப் பெயரே கேள்விப்பட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. "எல்லாரும் அப்படித்தான்" என்ற என் வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் சிலையை எடுப்பதற்கு நான் இன்னமும் சம்மதிக்கவில்லை. காரணத்தை அந்தச் சுவரிலிருந்தே சொல்கிறேன். நான்காவது பலகையை யாரும் தொடவே இல்லையே? 1816-இல் கெர்ச்செவல் என்பவருக்கு எழுதிய கடிதம். சட்டமும் நிறுவனங்களும் மனித அறிவு வளர வளர மாறிக்கொண்டே வரவேண்டும் என்கிறார். சிறுவனாக இருந்தபோது பொருந்திய சட்டையை வளர்ந்த பிறகும் போட்டுக்கொள்ளச் சொல்வது மாதிரிதான், முன்னோரின் ஆட்சிமுறைக்குள்ளேயே ஒரு சமூகம் இருக்க வேண்டும் என்பதும் என்கிறார். ஒரு நினைவகம் தன் சுவரிலேயே "என்னை அப்படியே வைத்திருக்காதே" என்று எழுதிவைத்திருக்கிறது. அதை நம்பித்தான் நான் சொல்கிறேன்: விளக்கப் பலகையெல்லாம் ஓரத்தில் வேண்டாம். அதே சுவரில், அதே கல்லில், அதே எழுத்தில், விட்டுப்போன இரண்டு வாக்கியத்தையும் செதுக்குங்கள். சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கித் தையுங்கள். அவர் பேச்சை அவரே முடிக்கட்டும். புகழ்ந்தும் ஒரு வார்த்தை வேண்டாம், இகழ்ந்தும் ஒரு வார்த்தை வேண்டாம்.


#22 · அடங்காதவன்

வாத்தியாரே, இது சிலையை எடுப்பதைவிடக் கொடூரம். பிடித்திருக்கிறது.


#23 · கல்தச்சன்

தொழில்முறையாகச் சொன்னால், பலகையில் இடமே இல்லை. வரிகள் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருக்கின்றன. சேர்க்க வேண்டும் என்றால் வேறெதையாவது அழித்தாக வேண்டும். வித்துக்கு எழுதிய அந்தக் கல்வி வரியை எடுத்தால் இரண்டு வாக்கியமும் உட்காரும் என்று நினைக்கிறேன். ராத்திரி எழுத்துகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன், என் வீட்டுக்காரி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.


#24 · நூலகப்பூனை

கல்வி வரியை எடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் சம்பந்தமில்லாத இடத்தில் ஒட்டியிருப்பதற்கு அது போகலாம்தான்.

கரையோரத்தான், அம்மாவுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழில் சொன்னீர்களா? என்ன சொன்னார்?


#25 · கரையோரத்தான்

சொன்னேன். "அழிக்க முடியாத கோடு" என்ற இடத்தில் தடுமாறினேன், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று. அவரே எடுத்துக்கொடுத்தார்: "ஊருக்கும் சேரிக்கும் நடுவுல போட்ட கோடுன்னு சொல்லு." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு படிச்ச மனுஷன், அதை யாரு போட்டான்னு மட்டும் எழுதலையே" என்றார். இயற்கை போட்டது என்று எழுதியிருக்கிறார் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் மகளோடு இன்னொரு முறை போகிறோம். விட்டுப்போன இரண்டு வாக்கியத்தையும் காகிதத்தில் பெரிதாக எழுதி, பலகைக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டுமாம். சுவரில் ஒட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.


#26 · கோடைவிடுமுறை

நாங்களும் போகும்போது அந்தப் பலகையைப் பார்க்கிறோம். உள்ளே எந்தப் பக்கம் இருக்கிறது?


#27 · நூலகப்பூனை

வடகிழக்குச் சுவர்.


#28 · வெட்டிப்பேச்சு

ஈசானிய மூலையா? அங்கே பாரம் ஏற்றக்கூடாது என்பார்களே. அதனால்தான் பாதியோடு நிறுத்திவிட்டார்கள்.